மூன்று வகையறா ஸ்லிப்பு

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்ததும் கோதண்டபாணி எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், சட்டைப்பையைப் பார்ப்பார். அதிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எட்டிப் பார்த்தால் போதும், "என்னா ஸ்லிப்பு சார் அது?" என்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, வங்கியில் நிரப்பாமல் எடுத்துவந்த தாள், தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போன பூத் ஸ்லிப், எதுவானாலும் சரி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "துண்டு வகையறா" என்று சொல்லித் திரும்பக் கொடுத்துவிடுவார். கொடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. கேட்டாலொழிய அவரும் விளக்கமாட்டார். கேட்டுவிட்டால் டீ ஆறிப்போகும்.

நான் சொல்வது 2006-ஆம் வருடத்துக் கதை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், இருபது பேர் வேலை செய்யும் ஒரு பொம்மை யூனிட்டில் அவருக்கு அது இருபத்திரண்டாவது வருடம். அவருடைய வேலைக்குப் பதவிப் பெயர் எதுவும் கிடையாது. "ஸ்லிப்பு போடறேன்" என்பார், அவ்வளவுதான். களிமண்ணையும் வெள்ளைக்கல் தூளையும் தண்ணீரோடு சேர்த்து, கூழாங்கற்கள் நிரப்பிய மில்லில் போட்டு மணிக்கணக்காகச் சுற்றவிட்டால் மோர்க்குழம்பு பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். செராமிக் தொழிலில் அதற்கு ஸ்லிப் என்று பெயர். அதை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிச் சற்றுநேரம் வைத்திருந்து கவிழ்த்தால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மெல்லிய தோல் ஒன்றை மட்டும் உட்சுவரில் நிறுத்திக்கொள்ளும். அந்தத் தோல்தான் காய்ந்து, வெந்து, பிள்ளையாராகவோ யானையாகவோ கடைக்குப் போகிறது. உள்ளே ஒன்றும் இருக்காது.

ஸ்லிப் கெட்டியாக இருந்தால் பொம்மைக்குள் கட்டி நிற்கும். நீர்த்திருந்தால் சூளையில் முகம் கோணிக்கொள்ளும். எனவே இருபது பேரின் அன்றைய உழைப்பு கோதண்டபாணியின் பதத்தைப் பொறுத்தது. அவர் கூழை ஒரு குவளையில் எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, இன்னொரு குவளைக்குள் ஊற்றுவார். விழும் தாரை நூல்போல் அறுகிறதா, சுருள்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கெட்டியாகத் தெரிந்தால் இளக்குவதற்குக் கொஞ்சம் சிலிகேட் விடுவார். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. அவர் மனைவி ஆதிலட்சுமி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ரசம் வச்சாக்கூட தூக்கி ஊத்திப் பாக்கறாருங்க. 'கொஞ்சம் சிலிகேட்டு போடணும்'ங்கறாரு. நான் கரண்டிய எடுத்துட்டேன்."

குள்ளமான உருவம். காதுமடல்களின் மடிப்பில் எப்போதும் வெள்ளைப் புழுதி. ஷெட்டுக்குள் செருப்புப் போடமாட்டார். பாதத்தை முழுதாகத் தரையில் பதித்து, நட்ட வயலில் நடப்பவர் போல மெதுவாக நடப்பார். அவசரமாகக் கூப்பிட்டாலும் அந்த நடைதான். மற்றவர்கள் அவரை "ஸ்லிப்பண்ணா" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவர் செய்யும் வேலையால் வந்தது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அது அப்படி வந்ததல்ல.

1984-ல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அப்போதைய முதலாளி இராஜமாணிக்கம் அவரைக் கூப்பிட்டு, "ஸ்லிப்பு வாங்கிட்டு வாய்யா" என்றிருக்கிறார். அதுவரை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு ஸ்லிப் என்றால் காகிதம்தான். நேராக அலுவலகத்துக்குப் போய், "மொதலாளி ஸ்லிப்பு கேக்கறாரு" என்று நின்றார். குமாஸ்தா விளையாட்டுக்காரர். ஒரு துண்டுத்தாளில் "வந்தவர் ஸ்லிப் கேட்கிறார், இதோ ஸ்லிப்" என்று எழுதி மடித்துக் கொடுத்தனுப்பினார். காலி அச்சோடு காத்திருந்த முதலாளி அதைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். ஷெட்டு முழுவதும் சிரித்தது. "இருவத்தெட்டு வயசுல எட்டாவது புள்ளையாட்டம் நின்னேன் சார். பத்தாவதுல என்னைய பெயிலாக்கனதே இங்கிலீசு. அது பத்தலன்னு இங்க வந்தும் வழிமறிச்சுது."

சிலர் இப்படிப்பட்ட அவமானத்தை மறந்துவிடுவார்கள். சிலர் சிரிப்பாக மாற்றிக்கொள்வார்கள். இவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடைவீதியில் பழைய பேப்பர் வாங்கும் கடையிலிருந்து அட்டை போன ஓர் ஆங்கில அகராதியை வாங்கி வந்தார். எடை நான்கு கிலோவுக்குக் குறையாது. அந்த அகராதியில் அவர் வேறு எந்தச் சொல்லையும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. ஸ்லிப் இருந்த பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்து, துணிபோல ஆகியிருந்தது. பொருள் தெரியாத இடங்களில் பேட்டைக்கு வரும் படித்தவர்களைப் பிடித்துக் கேட்பார். நான் அங்கே சிறு யூனிட்டுகளின் சங்க அலுவலகத்தில் கடிதம் எழுதும் எழுத்தராக இருந்தேன். அவரிடம் அதிகம் அகப்பட்டது நான்தான்.

அவர் கண்டுபிடித்தது இது. ஸ்லிப் என்பது ஒரு சொல் அல்ல, மூன்று சொற்கள். வழுக்குதல் என்ற பொருளில் வருவது ஒரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. துண்டு என்ற பொருளில் வருவது, வெட்டுதல், கீறுதல் என்ற பொருளுள்ள வேறொரு மொழியின் சொல்லிலிருந்து வந்தது. களிமண் கூழைக் குறிப்பது, சேற்றுக்கும் பசைக்கும் ஆங்கிலேயரின் முன்னோர் வைத்திருந்த பழைய பெயர். எழுத்து காலப்போக்கில் தேய்ந்து மூன்றும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிட்டன. அகராதியில் சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் இருந்த செய்தி இவ்வளவுதான். கோதண்டபாணி அதை இப்படிச் சொல்வார்: "மூணு ஊருலேர்ந்து மூணு பேரு வராங்க சார். மூணு பேரும் பழமலைநாதன். ஒரே தெருவுல குடி வச்சா போஸ்ட்மேன் என்னா பண்ணுவான்?"

மூன்றுக்கும் அவர் வகையறா பிரித்தார். வழுக்கு வகையறா, துண்டு வகையறா, சேறு வகையறா. பிறகு உலகத்தில் எங்கே ஸ்லிப் என்று காதில் விழுந்தாலும் அதை எந்த வகையறாவில் சேர்ப்பது என்பதே அவர் கவலை. மில்லின் பெல்ட் ஸ்லிப் ஆனால் வழுக்கு. பள்ளிக்கூடத்து ஸ்லிப் டெஸ்ட் துண்டு, ஏனென்றால் அதைத் துண்டுத்தாளில் எழுதுகிறார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரர் ஸ்லிப்பில் நிற்பது அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. மட்டையில் பட்டு வழுக்கிவரும் பந்தைப் பிடிக்க நிற்பவர் என்று நான் படித்துச் சொன்ன பிறகே அமைதியானார். முருங்கைப் போத்தை வெட்டி நடுகிறோமே, அந்தப் போத்துக்கும் ஆங்கிலத்தில் ஸ்லிப் என்று பெயர் இருப்பது தெரிந்த அன்று டீக்கடையில் எல்லோருக்கும் அதைச் சொன்னார். ஒல்லியான பெண்ணையும் அப்படிச் சொல்வதுண்டு என்றேன். யோசித்துவிட்டு, "போத்து மாதிரி இருக்கறதால. துண்டு வகையறா" என்றார். ஜவுளிக்கடையில் பெண்கள் உள்ளே அணியும் ஸ்லிப் எதனால் அந்தப் பெயர் பெற்றது என்று விற்பனைப் பெண்ணிடமே கேட்கப்போய், கடைக்காரர் வெளியே அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னார்.

சேறு வகையறாவில் அவருக்குத் தனிப் பாசம். அங்கே உறவினர் குறைவு. ஆங்கில நாட்டில் ஒரு மஞ்சள் பூவுக்கு மாட்டு ஸ்லிப் என்ற பொருளில் பெயர் இருக்கிறது. அந்த ஸ்லிப் சாணம். இதைக் கேட்டு வண்ணம் பூசும் பெண்கள் விடவில்லை. "அப்ப இத்தினி வருசமா நாங்க சாணியில பிள்ளையார் புடிச்சிட்டிருந்தமாண்ணா?" "புடிச்சீங்க. அதுக்கு மேல கலரும் அடிச்சீங்க" என்றார் சிரிக்காமல்.

அவருடைய பாகுபாடு முழுவதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் சொல்லைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடாது. மேலும், அந்தப் பக்கத்தில் ஒரு சிறு சொல் அவருக்குப் பிடிக்காமல் கிடந்தது. முதல் வகையறாவும் மூன்றாவதும் இன்னும் பழைய காலத்தில் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம், ஒருவேளை, என்கிறது அகராதி. சேறு வழுக்கும், அதனால் இருக்கலாம். அந்த 'ஒருவேளை'யை அவர் பென்சிலால் அடித்திருந்தார். "உறுதியா தெரியாதத எதுக்கு எழுதணும்?" என்றார். அதுதான் அந்தப் பக்கத்திலேயே மிக நேர்மையான சொல் என்று நான் சொன்னேன். ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் என் சட்டைப்பையைப் பார்க்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகராதியில் ஸ்லிப் மூன்றாக இருந்தாலும் ஷெட்டுக்குள் அது ஒன்றுதான். அங்கே வேலை செய்யும் யாரும் கால் ஸ்லிப் ஆனது என்று சொல்வதில்லை; வழுக்கிடுச்சு என்பார்கள். காகிதத்தைச் சீட்டு என்பார்கள். ஸ்லிப்பு என்றால் தொட்டியில் இருக்கும் கூழ், வேறெதுவும் இல்லை. கூழுக்குள்ளேயே நாள் முழுவதும் கையை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல் வேறு எதற்காகவும் தேவைப்படவில்லை.

ஜூலை மாதத்தில் தொட்டியின் அடிக் குழாயிலிருந்த வால்வு சொட்டத் தொடங்கியது. கோதண்டபாணி சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றிக் கட்டினார். கட்டையும் மீறிக் கசிந்தது. இராஜமாணிக்கத்தின் மகன் ராஜவேல் அப்போது முதலாளி. அவரிடம் இரண்டு முறை வாயால் சொன்னார். "பெரிய ஆர்டரு போயிட்டிருக்குது, அடுத்த வாரம் மில்ல நிறுத்தறப்ப மாத்திக்கலாம்ணா" என்றார் ராஜவேல். சொட்டும் இடத்தில் ஒரு சாக்கைப் போட்டார்கள். மேஸ்திரி ஆனந்தராஜ் தினமும் அந்தச் சாக்கைத் தாண்டித்தான் போனார். எல்லோரும் தாண்டினார்கள்.

சொர்ணாம்பாள் தாண்டவில்லை. கம்மாபுரத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண், வயது நாற்பது, ஸ்லிப் ஊற்றுவதில் அந்த யூனிட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஊர் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபின் அவள் குடும்பத்துக்கு வேறு பிழைப்பும் இல்லை. கையில் கனமான அச்சுடன் வந்தவள் அச்சுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கால் வைத்த இடத்தைப் பார்க்கவில்லை. அன்று சாக்கு நிரம்பி, கூழ் அதைத் தாண்டி வெளியே பரவியிருந்தது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு உடைந்தது. அச்சு செய்யும் அதே பிளாஸ்டர்தான் இப்போது அவள் கையைச் சுற்றிக் கட்டாக இருந்தது. "இதுல ஊத்தி ஊத்திக் கவுத்தேன். இப்ப இது என்னைய அச்சு எடுக்குது" என்றாளாம், பார்க்கப் போன பெண்களிடம்.

விபத்துப் பதிவேட்டில் ஆனந்தராஜ் அன்றே எழுதினார். டிப்ளமோ படித்தவர், ஆங்கிலத்தில்தான் எழுதுவார். காரணம் என்ற கட்டத்தில் மூன்றே சொற்கள்: டியூ டு ஸ்லிப். ஸ்லிப் காரணமாக.

எந்த ஸ்லிப்?

இரண்டு மாதம் கழித்து விபத்து விசாரணைக்குக் கடலூரிலிருந்து அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. யூனிட்டின் குறையால் விழுந்தாள் என்று முடிவானால் வைத்தியம் யூனிட்டின் பொறுப்பு, கை சேரும்வரை அவளுடைய இடமும் அவளுக்காகக் காத்திருக்கும். அவளுடைய கவனக்குறைவு என்று முடிவானால் இரண்டும் இல்லை. கை கோணிய பெண்ணைப் பேட்டையில் வேறு யாரும் ஊற்ற எடுக்கமாட்டார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், தரையில் கூழ் கிடந்தது என்று எழுதப்பட்டால் அடுத்த கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதுதான். தொட்டி யாருடையது, வால்வு யாருடைய பார்வையில் இருந்தது? ஐம்பது வயதில், முதலாளிக்கு எதிராகப் பேசி வெளியே வந்த ஸ்லிப் போடுபவரையும் பேட்டையில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

விசாரணைக்கு முந்தைய நாள் ராஜவேல் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு கோதண்டபாணியின் பக்கத்தில் வந்து நின்றார். சங்கத்திலிருந்து ஒரு கடிதத்தோடு போயிருந்த நான் வாசலில் இருந்தேன். பத்து வயதில் களிமண்ணில் லாரி செய்துகொண்டு கோதண்டபாணியின் காலடியில் விளையாடியவர் ராஜவேல். குரலை உயர்த்தவில்லை.

"ஆனந்தராஜ் என்னா அர்த்தத்துல எழுதினாருன்னு அவருக்கே ஞாபகம் இல்லியாம். நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம்ணா. கேட்டா ஸ்லிப்புன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? நீங்க பாக்காத ஸ்லிப்பா?"

"சரிங்க மொதலாளி" என்றார்.

"உங்கள விட்டுக் குடுத்துடுவனா? அதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க."

சாயங்காலம் டீக்கடையில் என் பையில் ஒரு கூரியர் ரசீது துருத்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சார், உண்மையான வார்த்தைய சொல்லி பொய் சொல்ல முடியுமா?" என்றார்.

"முடியும். கேட்கறவங்க வேற அர்த்தம் எடுத்துப்பாங்கன்னு தெரிஞ்சே சொன்னா."

"தெரியாம சொன்னா?"

"அது தப்பு ஆகாது. ஆனா நீங்கதான் தெரிஞ்சவராச்சே."

அவர் கண்ணாடித் தம்ளரின் அடியைப் பார்த்தார். "பேசாம அன்னிக்கே குமாஸ்தா குடுத்த அந்தச் சீட்ட கிழிச்சிப் போட்டுட்டு பஸ்ஸுக்கே போயிருக்கலாம்" என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வேல்விழி என்ற அந்த அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குமேல் இருக்காது. வேகமும் தெளிவும் உள்ளவர். அன்றைக்கே வேப்பூரில் இன்னொரு விசாரணை இருந்தது. ராஜவேலின் அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுவதற்கு என்னை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். சொர்ணாம்பாள் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தாள். ஆனந்தராஜ் சன்னலருகே. கோதண்டபாணி கதவையொட்டிச் சுவரோடு நின்றார்.

பதிவேட்டைப் படித்துவிட்டு வேல்விழி நிமிர்ந்தார். "எப்படிம்மா விழுந்தீங்க?"

"மோல்ட தூக்கிட்டு தொட்டிகிட்ட வந்தேங்கம்மா. ஸ்லிப்புல வுழுந்துட்டேங்க."

"ஸ்லிப் ஆயிட்டீங்க."

"ஆமாங்கம்மா. ஸ்லிப்புதாங்க."

"யாராவது இடிச்சாங்களா? ஏதாவது தடுக்குச்சா?"

"யாரும் இடிக்கலைங்க. தடுக்கவும் இல்ல."

"அப்ப வேற காரணம் எதுவும் இல்ல?"

"வேற ஒண்ணுமே இல்லீங்கம்மா. ஸ்லிப்புதான். வெறும் ஸ்லிப்பு." அவள் குரல் உயர்ந்தது. இரண்டு மாதமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. "யாரு கேட்டாலும் இதத்தாங்க சொல்லுவேன். சத்தியத்துக்கும் ஸ்லிப்புதான்."

வேல்விழியும் திருப்தியோடு தலையசைத்தார். விழுந்தவளே மறைக்காமல் ஒப்புக்கொள்வது விசாரணையில் அடிக்கடி கிடைப்பதல்ல. என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க சார். தன்னை யாரும் இடிக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை, தானாகவே கால் ஸ்லிப் ஆகி விழுந்ததாகச் சொல்கிறார்."

ராஜவேல் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிவிட்டார். என் பேனா 'தானாகவே' என்ற சொல்லில் நின்றது. பிறகு சொன்னபடியே எழுதி முடித்தேன். எனக்கென்ன தெரியும், நான் ஷெட்டில் இல்லையே என்று ஒரு நியாயம் உடனே கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட நியாயங்கள் வேகமாக வரும்.

"படிச்சிக் காட்டுங்க. அம்மா கையெழுத்து... இடது கையில ரேகை வச்சிடலாம்."

நான் படித்தேன். சொர்ணாம்பாள் 'ஸ்லிப்' என்ற சொல் வந்த இடத்தில் தலையாட்டினாள். ஆனந்தராஜ் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் இடது கட்டைவிரலை அதில் ஒற்றி எடுத்தாள்.

"மேடம்" என்றார் கோதண்டபாணி.

"நீங்க யாரு?"

"ஸ்லிப்பு போடறவனுங்க."

வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னது, ஸ்லிப் போடறவரா? வேணும்னேவா?"

ஆனந்தராஜும் சிரித்தார். ராஜவேல் சிரிக்கவில்லை. கோதண்டபாணியின் காது சிவந்தது. அவர் எத்தனையோ தடவை, கேட்பவருக்கு டீ ஆறும்படி விளக்கிய விஷயம். ஆனால் அன்று துண்டு துண்டாகத்தான் வந்தது. "அது இந்த ஸ்லிப்பு இல்லீங்க" என்றார். "நீங்க சொல்றது ஒண்ணு. அவங்க சொல்றது... அவங்க சொல்றது சேறுங்க."

"அண்ணா, மேடத்துக்கு நேரமாவுது" என்றார் ராஜவேல்.

"ஆவட்டுங்க. விரலு தாள்ல படறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்." சொர்ணாம்பாளின் பக்கம் திரும்பினார். "சொர்ணா, நீ எதுல வுழுந்தே? ஸ்லிப்புங்கற வார்த்தைய வுட்டுட்டுச் சொல்லு."

அவள் மை தோய்ந்த விரலை உயர்த்திப் பிடித்தபடி விழித்தாள். "ஸ்லிப்ப ஸ்லிப்புன்னு சொல்லாம எப்படிண்ணா சொல்றது? உன் தொட்டியிலேர்ந்து ஒழுவி நின்னுதே, கூழு. அதுல கால் வச்சேன், வழுக்குச்சு, வுழுந்தேன். அதைத்தானே இவ்ளோ நேரமா சொல்றேன்?"

வேல்விழி என் முன்னாலிருந்த தாளை எடுத்து ஒருமுறை படித்தார். பதிவேட்டைத் திறந்து அந்த மூன்று சொற்களைப் பார்த்தார். ஆனந்தராஜைப் பார்த்தார். அவர் மைப்பெட்டியை மூடினார். வேல்விழி தாளைக் குறுக்கே கிழித்துவிட்டு எழுந்தார். "இடத்தைப் பாக்கணும்."

ஷெட்டில் மில் நின்றிருந்தது. வேலை செய்தவர்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். தொட்டியில், அவள் விழுந்த அன்றே மாற்றிய புதுப் பித்தளை வால்வு மின்னியது. தரை ஆசிட் ஊற்றிக் கழுவப்பட்டிருந்தது. அந்த இடம் மட்டும் மற்ற தரையைவிடச் சுத்தமாக இருந்தது. "இங்க ஒண்ணும் தெரியலையே" என்றார் வேல்விழி.

கோதண்டபாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொட்டியைத் தாங்கிய செங்கல் மேடைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, உள்ளங்கை அகலத்தில் காய்ந்த சில்லு ஒன்றைப் பெயர்த்து எடுத்தார். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு நாளும் ஒழுகி, இரவில் காய்ந்து, மறுநாள் அதன்மேல் ஒழுகிய கோடுகள்.

"எத்தினி நாளுன்னு ஆனந்தராஜு சாரு சொல்லட்டுங்க. படிச்சவரு."

ஆனந்தராஜ் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். பொய் சொல்ல அவருக்கும் இடமில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "பதினோரு நாள் இருக்கும் மேடம்" என்றார் தாழ்ந்த குரலில்.

"பதினோரு நாள்." வேல்விழி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அச்சுகளுக்குப் பின்னால் நின்ற பெண்களை, ஆனந்தராஜை, ராஜவேலை. "வால்வு ஒழுகறது அவங்க விழறதுக்கு முன்னாடியே யாருக்கெல்லாம் தெரியும்?"

கையில் யானையுடன் நின்ற பெண் அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கோதண்டபாணி எழுந்தார். வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தினார். அவர் பெயரை வேல்விழி கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. உயர்த்திய கையோடு, ராஜவேலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.